மீல்மேக்கரும் அம்மாவின் தைராய்டு மாத்திரையும்: எங்கள் வீட்டுச் சோயாச் சண்டை

#1 பூட்டுக்காரி (திண்டுக்கல்)

வணக்கம். ஒரு வாரமா எங்க வீட்டுல மீல்மேக்கர் பேரைச் சொன்னாலே சண்டை. தம்பி ஜிம்முக்குப் போறான். அங்க மாஸ்டர், "தினம் 100 கிராம் சோயா உருண்டை சாப்பிடு, முட்டைக்குச் செலவு பண்ண வேண்டாம்"னு சொல்லிட்டார். அவனும் மூணு கிலோ வாங்கி அடுக்கி வச்சிருக்கான். பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்திருக்கு: சோயா தின்னா ஆம்பளைக்கு மார்பு வளரும், பிள்ளை பிறக்காதாம். அன்னையிலிருந்து அவன் தட்டைப் பார்த்தாலே "வம்சம் போச்சே"ன்னு ஒப்பாரி.

அதோட நிக்கல. அம்மா எட்டு வருஷமா தைராய்டு மாத்திரை போடுறாங்க, 75 மைக்ரோகிராம். மூட்டுவலிக்கு நல்லதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லி நாலு மாசமா சோயா பால் பவுடர் கலக்கிக் குடிக்கிறாங்க. போன வாரம் டெஸ்ட் எடுத்தா, தைராய்டு குறைஞ்சா ஏறுற டி.எஸ்.எச். 9.4. போன வருஷம் 3க்குள்ள இருந்தது. மாத்திரையை 100 ஆக்கிடலாமான்னு டாக்டர் யோசிக்கிறார். சோயாதான் காரணமா?

என் பொண்ணு மூணாம் வகுப்பு. சத்துணவுல மீல்மேக்கர் சாதம் போடற அன்னைக்குத்தான் தட்டை முழுசா காலி பண்றா. அதையும் நிறுத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. வீடியோ லிங்க் மட்டும் வேண்டாம், புண்ணியமா போகும்.

#2 சும்மா_சொல்றேன்

என் மச்சான் ரெண்டு வருஷம் தின்னான். மார்பெல்லாம் வளரல, தொப்பைதான் வளர்ந்துச்சு. அதுவும் புரோட்டாவால.

#3 எண்ணெய்மில்_பழனி

இருபது வருஷத்துக்கு மேல எண்ணெய் ஆலையில இருந்தவன். அதுல பாதி இந்தூர் பக்கம். மத்தியப் பிரதேசம்தான் நம்ம நாட்டுச் சோயாவுக்குத் தாய்வீடு. மாள்வா கரிசல் மண்ணுல மழைக்காலப் பயிரா விதைச்சு, தீபாவளியை ஒட்டி அறுப்பாங்க.

மீல்மேக்கர்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. பயறை உடைச்சு, தோல் நீக்கி, அவல் மாதிரி தட்டையா நசுக்கி, ஹெக்சேன்ங்கிற கரைப்பான்ல ஊறவச்சு எண்ணெயைப் பிரிப்போம். எண்ணெய் ஒரு பக்கம் போய் ரீஃபைண்ட் ஆயிலாகும். மிச்சம் இருக்கறது எண்ணெய் நீங்கின மாவு. அதைத் தண்ணியோட பிசைஞ்சு, சூட்டுலயும் அழுத்தத்துலயும் எக்ஸ்ட்ரூடர் வழியா தள்ளினா, அச்சை விட்டு வெளியே வரும்போது அழுத்தம் விடுபட்டுப் பொரிஞ்சு, உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை விழும். அந்த ஓட்டையிலதான் உங்க மசாலா ஏறுது. பெரிய முறுக்குப் பிழியறதுதான், எண்ணெய்ச் சட்டி கிடையாது, அவ்வளவே.

#4 வேம்பு

அதாவது புண்ணாக்கு. மாட்டுக்குப் போடறதை வாங்கி, மசாலா போட்டுத் தின்னுட்டு புரோட்டீன்னு பேர் வச்சிருக்கோம். பெட்ரோலிய ரசாயனம் வேற. கொள்ளு இருக்கு, தட்டைப்பயறு இருக்கு, மொச்சை இருக்கு. நம்ம பாட்டன் சாப்பிடாத பயறு நமக்கு எதுக்கு?

#5 எண்ணெய்மில்_பழனி

வேம்பு அண்ணே, புண்ணாக்குன்னு சொன்னா எனக்குக் கோபம் வராது, அதுதான் உண்மை. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சறதுக்கு அந்தப் பேர்தான். ஆனா மனுஷனுக்குப் போறதும் மாட்டுக்குப் போறதும் ஒரே தரத்துல இருக்காது. ஹெக்சேன் கொதிக்கறது 69 டிகிரியில. மாவை அதுக்கு மேல நீராவியில வாட்டி ஆவியாக்கிப் பிடிச்சு, திரும்ப ஆலைக்கே பயன்படுத்துவோம். அது காசு, விட மாட்டாங்க. அதே வாட்டல்ல இன்னொரு வேலையும் நடக்குது. பச்சைச் சோயாவுல டிரிப்சின்ங்கிற செரிமான நொதியைத் தடுக்கற பொருள் இருக்கு, அது இருந்தா புரதம் செரிக்காது. சூடு பட்டா அதுல பெரும்பகுதி செத்துடும். மொச்சையை ஊறவச்சு நல்லா வேகவச்சுத்தானே தின்கிறோம்? இதுவும் அப்படித்தான். சிலர் சோயா பயறைப் பச்சையா முளைகட்டி சாலட்ல போடறாங்க, அதுதான் வேண்டாம்.

கொள்ளு, தட்டைப்பயறு நல்லதுதான், மறுக்கல. ஆனா கொள்ளுல நூத்துக்கு 22 கிராம் புரதம், மீல்மேக்கர்ல 52. பெரிய சமையல்ல அதனாலதான் இது உள்ளே வந்துச்சு.

#6 மருந்துக்கடை_மாடசாமி (தென்காசி)

பூட்டுக்காரி தங்கச்சி, தம்பி கதையை அப்புறம் பார்ப்போம். அம்மா மாத்திரை போடறது எத்தனை மணிக்கு? சோயா பால் குடிக்கறது எத்தனை மணிக்கு? பவுடர் டப்பாவுல "கால்சியம் சேர்க்கப்பட்டது"ன்னு இருக்கான்னும் பார்த்துச் சொல்லுங்க.

#7 தட்டுக்கணக்கு (உணவியல் படித்தவள், கோவை)

வீடியோவுக்கு வர்றேன். சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்ற பொருட்கள் இருக்கின்றன, ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்று. உருவத்தில் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனின் சாயல். அதே பூட்டில் நுழையும் சாவி, ஆனால் பாதிதான் திரும்பும்; பல இடங்களில் வேறு வகைப் பூட்டைத்தான் தேடிப் போகும். (திண்டுக்கல்காரருக்கு இதைவிட நல்ல உவமை எனக்கு வரவில்லை.)

ஆண்களைப் பற்றி: 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 2021இல் இன்னும் அதிக ஆய்வுகளுடன் திரும்பப் பார்த்தார்கள். சோயாவால் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. அப்படியானால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது? முழுப் பொய்யும் இல்லை. 2008இல் அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவருக்கு மார்பு வீங்கி வலித்தது. எந்த மருந்தும் காரணமில்லை. கடைசியில் கேட்டால், தினமும் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் சோயா பால் குடித்துவந்திருக்கிறார். நிறுத்தினார், சரியாகிவிட்டது. இன்னொருவர் 19 வயது இளைஞர், சர்க்கரை நோயாளி, முழுச் சைவம்; அவருக்கு வந்தது ஆண்மைக்குறைவு. அவர் உடலுக்குள் போனது தினம் 360 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் என்று கணக்கிட்டார்கள். ஜப்பானில் சராசரி ஆள் சாப்பிடுவது 25 முதல் 50 மில்லிகிராம்.

இப்போது தம்பிக்கு. உலர்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் ஐசோஃப்ளேவோன் 100 மில்லிகிராமைத் தாண்டலாம். ஆபத்து என்று சொல்ல மாட்டேன். அவசியமா என்றால் இல்லை. 40 கிராம் உலர்ந்த உருண்டை, அதாவது இரண்டு கைப்பிடி, 20 கிராம் புரதம் தந்துவிடும். மீதிக்கு முட்டை, பருப்பு, தயிர் இருக்கட்டும். ஒரே பொருளில் மொத்தப் புரதத்தையும் வாங்கும் யோசனையே எனக்குப் பிடிக்காது, அது சோயாவானாலும் கோழியானாலும்.

#8 சும்மா_சொல்றேன்

மேடம், 100 கிராம் தின்னா மார்பு வளருதோ இல்லையோ, வாயு வரும். என் மச்சான் ரூமுக்குள்ள யாரும் போக மாட்டோம்.

#9 தட்டுக்கணக்கு

சிரிக்க வேண்டாம், இதுதான் நிஜமான பக்கவிளைவு. ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்து வாயுவாக்கும். கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் பாதித் தொல்லை போகும். அந்தப் புண்ணாக்கு வாடையும்.

#10 வெள்ளவத்தை_வாசி

எங்கட பக்கம் இதைச் சோயாமீற் எண்டுதான் சொல்லுறது. வெள்ளிக்கிழமை மரக்கறி நாளில தேங்காய்ப்பால் விட்டு, மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டல் கறியா வைச்சால் சின்னப்பிள்ளையள் இறைச்சி எண்டே நினைச்சுச் சாப்பிடும். அதைவிட முந்தி எங்களுக்குத் திரிபோஷா. 1973இல தொடங்கினது. சோளமும் சோயாவும் சேர்ந்த மா. பிள்ளைத்தாய்ச்சிக்கும், நிறை குறைஞ்ச பிள்ளையளுக்கும் கிளினிக்கில இலவசமாத் தருவினம். அம்மா அதைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிச்சுத் தருவா. அதைத் திண்டு வளர்ந்த ஆம்பிளையள் நாங்கள் எல்லாம் பிள்ளை குட்டியோடதான் இருக்கிறம், பெரியம்மாவுக்குச் சொல்லுங்கோ.

ஒண்டு கவனிக்க வேணும். பக்கெற்றுக்குள்ள வாற சுவைத்தூளில உப்பு கனக்க. நான் அதை எறிஞ்சுபோட்டு வீட்டுத்தூள்தான் போடுறது.

#11 பினாங்கு_பாலா

எங்கள் ஊரில் சோயா இல்லாத நாளே இல்லை. மீ கோரெங் நூடுல்ஸில் தௌஹூ (டோஃபு, அதாவது சோயா பாலை உறைய வைத்த கட்டி), பசெம்பூர் சாலட்டில் தௌஹூ, மலாய்க் கடையில் தெம்பே (புளிக்க வைத்த சோயா), சீனர் கடையில் சோயா பீன் தண்ணீர். ஆனால் "கிழக்காசியாவில் எல்லாரும் சாப்பிடுகிறார்களே, அப்போ நமக்கும் நல்லது" என்று சிலர் சொல்லும்போது எனக்கு இடிக்கிறது. அங்கே முழுப் பயறைப் புளிக்க வைத்து, அல்லது பாலாக்கி உறைய வைத்து, கறியோடு இரண்டு துண்டு சாப்பிடுகிறார்கள். தெம்பேயில் பூஞ்சை வளர்ந்து, தாதுச் சத்தைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட்டைக் குறைப்பதால் இரும்பும் துத்தநாகமும் உடம்பில் சேர்வது கொஞ்சம் எளிது. ஜிம் டப்பாவில் வரும் சோயா ஐசோலேட், அதாவது புரதத்தை மட்டும் பிரித்தெடுத்த தூள், வேறு பண்டம். ஒரே பெயர் என்பதால் ஒரே சாப்பாடு ஆகாது.

இன்னொன்று. டெய்ட்சீனை ஈக்குவால் என்ற வேறு பொருளாக மாற்றும் குடல் பாக்டீரியா எல்லாருக்கும் இல்லை. ஜப்பான், கொரியா பக்கம் பாதிப்பேருக்கு மேல் உண்டு, மேலைநாட்டவரில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான். ஒருத்தருக்குக் கிடைத்த பலன் இன்னொருத்தருக்குக் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

#12 பூட்டுக்காரி

மாடசாமி அண்ணே, இப்பதான் அம்மாகிட்ட கேட்டேன். ஆறு மணிக்கு எழுந்ததும் மாத்திரை. ஆறே காலுக்கு சோயா பால். "வெறும் வயித்துல மாத்திரை போடணும்னு டாக்டர் சொன்னார், போட்டுட்டுத்தானே குடிக்கிறேன்"ங்கறாங்க. டப்பாவுல கால்சியம் சேர்த்ததுன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. அதைப் பார்த்துத்தான் வாங்கினாங்களாம், மூட்டுக்கு ஆச்சேன்னு.

#13 மருந்துக்கடை_மாடசாமி

சரியாப் போச்சு. தங்கச்சி, கவனமாப் படிங்க.

தைராக்ஸின் மாத்திரை குடல்ல உறிஞ்சப்பட கொஞ்ச நேரம் வேணும். குறைஞ்சது அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் தண்ணி தவிர எதுவும் கூடாது. காபிகூட கூடாது, நம்ம ஊர்ல அதைத்தான் யாரும் கேட்க மாட்டாங்க. சோயா அந்த மாத்திரையைக் குடல்லயே பிடிச்சு வச்சுக்கிடும். கால்சியமும் அதையேதான் செய்யும். அதனால கால்சியம், இரும்பு மாத்திரைக்கெல்லாம் நாலு மணி நேர இடைவெளி விடச் சொல்வோம். உங்க அம்மா ரெண்டையும் ஒரே டம்ளர்ல, கால் மணி நேரத்துல குடிக்கிறாங்க. எழுபத்தஞ்சுல எவ்வளவு உள்ளே போகுதோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சோயா தைராய்டு சுரப்பியைக் கெடுக்குதாங்கறது வேற கேள்வி. அயோடின் போதுமான அளவு இருக்கற ஆரோக்கியமான ஆளுக்கு அப்படி ஒண்ணும் ஆகறதாத் தெரியல. அயோடின் குறைஞ்சவங்களுக்குத்தான் கவலை. 1950, 60கள்ல சோயா மாவுப் பால் குடிச்ச சில குழந்தைகளுக்குக் கழுத்துக்கழலை வந்துச்சு, அப்புறம் அயோடின் சேர்த்தாங்க, நின்னுச்சு. உங்க அம்மா விஷயத்துல எனக்குச் சந்தேகம் சுரப்பி மேல இல்ல, கடிகாரத்து மேல.

முக்கியமானது இதுதான்: டாக்டர்கிட்ட சோயா பால் விஷயத்தைச் சொல்லாம டோஸை ஏத்த விடாதீங்க. 100 ஆக்கின பிறகு ஒருநாள் அம்மா சோயா பால் சலிச்சுப்போய் நிறுத்தினாங்கன்னா, அந்த நூறும் முழுசா உள்ளே போகும். படபடப்பு வரும், தூக்கம் போகும், வயசான பொம்பளைக்கு எலும்பும் தேயும். நிறுத்தறதா, நேரத்தை மாத்தறதாங்கறதை டாக்டரே சொல்லட்டும்.

#14 வேம்பு

இதுக்குத்தான் சொன்னேன், சோயாவே வேண்டாம்னு.

#15 மருந்துக்கடை_மாடசாமி

அண்ணே, ஃபில்டர் காபியையும் சேர்த்து வேண்டாம்னு சொல்லுங்க பார்ப்போம்.

#16 லேபிள்_படிக்கும்_அம்மா (சென்னை)

நீங்கள் எல்லாம் சோயாவைத் தேடிப் போய்ச் சாப்பிடுகிறவர்கள். எனக்கு அதைத் தேடித் தேடி ஒதுக்குவதே வேலை. என் பையனுக்கு இரண்டு வயதில் சோயா ஒவ்வாமை என்று தெரிந்தது. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. அன்று அவன் சாப்பிட்டது சோயா என்றே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு விசேஷத்தில் ஒரு கரண்டி வெஜிடபிள் பிரியாணி. மீல்மேக்கரைப் பொடிப்பொடியாக உதிர்த்துப் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு கடையில் நான் நிற்கும் நேரம் இரட்டிப்பு. பிஸ்கட், சாக்லேட், கேக், ஐஸ்கிரீம் உறைகளில் "எமல்சிஃபையர் 322" என்று இருக்கும். அது லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுத்தது. கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும். பிரெட்டில் சோயா மாவு. மல்ட்டிகிரெயின் கோதுமை மாவில் சோயா. சத்து பானப் பவுடரில் சோயா புரதம். நூடுல்ஸ் மசாலாவில் "ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்" என்று ஒன்று, அதுவும் பல நேரம் சோயாதான். இந்தியாவில் சோயா ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் உறையில் சொல்லியே ஆக வேண்டும். பொருள்பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் "கோதுமை, பால், சோயா உள்ளது" என்று இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் முதலில் படிப்பேன், விலையைக்கூட அப்புறம்தான்.

நன்றாகச் சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் கிட்டத்தட்ட இருக்காது, பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது என்று எங்கள் டாக்டர் சொன்னார். அவர் அனுமதித்த பிறகுதான் வீட்டில் தொட்டேன். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகச் சோதித்துப் பார்க்காதீர்கள். உறை போட்ட சாமானில் எனக்குப் பயம் போய்விட்டது. பயம் எல்லாம் உறை இல்லாத இடத்தில்தான்: டிபன் கடைக் குருமா, கல்யாணப் பந்தி, நண்பன் வீட்டுக் கட்லெட். "சோயா இருக்கா?" என்று கேட்டால் "சேச்சே, அதெல்லாம் போட மாட்டோம்" என்பார்கள். "மீல்மேக்கர் இருக்கா?" என்று கேட்டால் "ஓ, நிறைய!" என்பார்கள்.

#17 பூட்டுக்காரி

அக்கா, அந்தக் கடைசி வரி படிச்சு சிரிச்சுட்டு, அப்புறம் சிரிச்சதுக்கு வருத்தப்பட்டேன். பையன் இப்ப எப்படி?

#18 லேபிள்_படிக்கும்_அம்மா

ஆறு வயது. நிறையக் குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் தானாகவே விலகும் என்கிறார்கள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். சிரித்தால் பரவாயில்லை, நானும் சிரித்துத்தான் சமாளிக்கிறேன்.

#19 ஆனைமலை

நாமக்கல்காரன் என்பதால் ஒரு வார்த்தை. சோயாவே தொடமாட்டேன்னு சொல்ற ஆளும் முட்டை வழியா அதைத்தான் சாப்பிடுறார். கோழித் தீவனத்துல மக்காச்சோளத்துக்கு அடுத்தது சோயா புண்ணாக்குதான். 2021ல விலை எகிறினப்ப, மரபணு மாற்றிய சோயா புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி பண்ணிக்க மத்திய அரசே அனுமதி கொடுத்துச்சு. நம்ம நாட்டுல அந்தச் சோயாவை விதைக்க அனுமதி கிடையாது, ஆனா...

#20 மட்டுறுத்துநர்

மரபணு மாற்றத்துக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே ஏற்கெனவே நானூறு பதிவு ஓடிவிட்டது, இங்கேயும் வேண்டாம். #19க்குப் பிறகு வந்த பதினொரு பதிவுகள் அங்கே மாற்றப்பட்டன.

#21 அந்திமந்தாரை

தட்டுக்கணக்கு மேடத்திடம் ஒரு கேள்வி. எனக்கு மூன்று வருடம் முன் மார்பகப் புற்றுநோய், ஈஸ்ட்ரோஜென் சார்ந்த வகை. சிகிச்சை முடிந்து மாத்திரையில் இருக்கிறேன். சோயா பக்கமே போகாதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு டோஃபு செய்யும்போது நான் மட்டும் தனியாக உப்புமா கிண்டிக்கொள்கிறேன்.

#22 தட்டுக்கணக்கு

அம்மா, அந்தப் பயத்துக்கு மூலம் எலிகள். சினைப்பை நீக்கிய எலிகளுக்குப் புற்றுச் செல்லைச் செலுத்தி, ஜெனிஸ்டீன் கொடுத்தபோது கட்டி வளர்ந்தது. அதனால் பல வருடம் எல்லாரும் வேண்டாம் என்றார்கள், அப்போது அது நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் மனுஷியின் உடல் ஜெனிஸ்டீனை எலி மாதிரிக் கையாள்வதில்லை. பிறகு ஷாங்காயில், புற்றுநோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் மரணமும் கூடவில்லை, குறைவாகவே இருந்தன. இப்படிக் கவனித்துப் பார்த்ததால் சோயாதான் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டில் டோஃபு சேர்ந்தால் கெடுதல் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயா உணவு பாதுகாப்பானது என்றே சொல்கிறது.

மாதவிடாய் நின்ற பிறகு உடல் சூட்டுக்கென்று விற்கும் ஐசோஃப்ளேவோன் மாத்திரைகள் வேறு. அவற்றை உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். டோஃபுவைப் பற்றியும் அடுத்த முறை போகும்போது அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த உப்புமாத் தனிக்குடித்தனத்தை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன்.

#23 நடைப்பயிற்சி_நாராயணன்

இருதயத்துக்கு நல்லது என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே, அது உண்மைதானே? ஆறு வருடமாக அதற்காகத்தான் விழுங்குகிறேன், ருசிக்காக இல்லை.

#24 தட்டுக்கணக்கு

சார், தினம் 25 கிராம் சோயா புரதம் இருதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொள்ள 1999இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது. 2006இல் அமெரிக்க இருதயச் சங்கம் கணக்குப் பார்த்தபோது கெட்ட கொழுப்பு சுமார் 3 சதவீதம்தான் இறங்கியது. 2017இல் அந்த நிர்வாகமே அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று முன்மொழிந்தது. ஆட்டுக்கறிக்குப் பதிலாகச் சாப்பிட்டால் லாபம் உண்டு, ஏற்கெனவே சாப்பிடுவதன் மேல் கூடுதலாக விழுங்கினால் பெரிதாக ஒன்றும் இல்லை. ருசி பிடிக்கவில்லை என்றால் சுண்டலுக்கு மாறுங்கள், உங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஃபாஸ்ட் ஃபுட் கடை சோயா சாஸையும் "சோயாதானே, இருதயத்துக்கு நல்லது" என்று ஊற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு மேசைக்கரண்டியில் சோடியம் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம். ஒரு நாள் முழுவதுக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000.

பூட்டுக்காரிக்கு: உங்கள் பொண்ணின் சத்துணவு மீல்மேக்கரை மட்டும் மறந்துவிட்டேன். தட்டைக் காலி பண்ணட்டும்.

#25 நடைப்பயிற்சி_நாராயணன்

ஆறு வருடம்!

#26 பூட்டுக்காரி (இரண்டு மாதம் கழித்து)

இழையை மேலே இழுத்ததுக்கு மன்னிக்கணும். கேட்டவங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. மாடசாமி அண்ணன் எழுதினதை அப்படியே டாக்டர்கிட்ட காட்டினேன். டோஸை ஏத்தல. 75லயே வச்சுட்டு, சோயா பாலைச் சாயங்காலத்துக்கு மாத்தி, காலைக் காபியை ஒரு மணி நேரம் தள்ளச் சொன்னார். எட்டு வாரம் கழிச்சு நேத்து டெஸ்ட்: 3.6. அம்மாவுக்குச் சோயா பாலை மாத்தினது கஷ்டமே இல்ல, காபியைத் தள்ளினதுதான் வீட்டையே உலுக்கிடுச்சு. மூட்டுவலி அப்படியேதான் இருக்கு.

தம்பி 40 கிராமுக்கு இறங்கிட்டான். மிச்சம் கொஞ்சம் அலமாரியில இருக்கு. பெரியம்மா போன ஞாயித்துக்கிழமை அதுல கொஞ்சம் எடுத்து, மிளகு தட்டிப் போட்டு வறுத்து, "கறி மாதிரியே இருக்குடி"ன்னு ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க. யாரும் எதுவும் பேசல.

#27 சும்மா_சொல்றேன்

அந்த வறுவல் செய்முறையைப் போடுங்க. மச்சான் கேக்குறான்.